ஒப்பனைப் பூச்சில் நாற்பது ஷேடு (நிறச் சாயல்) வந்த பிறகும் ஏன் இந்தப் புகார் ஓயவில்லை?

கேள்வி இதுதான்: “அழகு, ஒப்பனை, வாழ்க்கைமுறை வீடியோக்களில் இன்று எல்லா நிறத்தவரும் இருக்கிறார்கள். ஆண்கள், திருநங்கைகள், அறுபதைத் தாண்டியவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அப்படியிருந்தும் பிரதிநிதித்துவம் போதாது என்ற புகார் ஏன் நிற்கவில்லை? உண்மையிலேயே குறை இருக்கிறதா, இல்லை இது ஒரு நாகரிகப் பேச்சாகிவிட்டதா?”

இரண்டும் உண்டு. நாகரிகப் பேச்சு நிறையவே இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் குறை இருக்கிறது. நான் கேமராவுக்கு முன்னால் உட்காரும் ஆள் அல்ல. பன்னிரண்டு ஆண்டுகளாக இத்தகைய சேனல்களுக்கு எடிட்டிங்கும் வண்ணத் திருத்தமும் செய்து பிழைக்கிறேன். ஒரு கன்னத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பாதி நாளைக் கழிக்கிற வேலை. ஆகவே என் பதில் கொஞ்சம் தோலை ஒட்டியேதான் இருக்கும்.

“பன்முகத்தன்மை” என்ற சொல்லின்மேல் எனக்குப் பெரிய பிரியம் கிடையாது. யாரோ ஒருவர் பெரிய மனது வைத்து இன்னொருவருக்கு நாற்காலியை நகர்த்தித் தருவது போன்ற ஒரு தொனி அதில் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒப்பனை வீடியோவை நான் ஒரு சோதனை அறிக்கையாகவே பார்க்கிறேன். இந்தப் பொருளை இந்தத் தோலில் பூசினேன், நான்கு மணி நேரம் நின்றது, மூக்கோரத்தில் திட்டுத்திட்டாகப் பிரிந்தது, விலைக்குத் தகும் அல்லது தகாது. சோதித்தவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரித் தோல் என்றால், அந்த அறிக்கை மற்றவர்களுக்குத் தவறான அறிக்கை. அதை நம்பிக் காசு கொடுத்தவர் ஏமாந்து போகிறார். பிரதிநிதித்துவத்தைப் பற்றி நான் கவலைப்படுவதற்கு முதல் காரணம் இதுதான். நியாயம், சமத்துவம் எல்லாம் அதற்கு அடுத்தபடி வருகின்றன.

தொடக்கத்தைப் பார்த்தால் இந்தக் கேள்வியே வேடிக்கையாகத் தோன்றும். யூடியூப் வந்தது 2005இல். 2007இல் மிஷெல் ஃபான் என்ற, வியட்நாமிய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க இளம்பெண் தன் ஒப்பனை வீடியோக்களைப் போடத் தொடங்கினார். 2010இல் லான்கோம் என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனம் அவரைத் தன் வீடியோ ஒப்பனைக் கலைஞராக அமர்த்திக்கொண்டது. மாதச் சந்தா கட்டுவோருக்கு ஒப்பனைப் பொருள்களைப் பையில் போட்டு அனுப்பும் தொழிலை 2011இல் கூட்டாளிகளோடு தொடங்கினார். பின்னாளில் இப்ஸி என்று பெயர் பெற்ற நிறுவனம் அது. ஆக, இந்தத் துறையின் முதல் பெரிய நட்சத்திரமே அன்றைய அழகுப் பத்திரிகைகளின் அட்டையில் எளிதில் இடம் கிடைத்திராத ஒரு முகம். வாசலில் காவலாளி இல்லாத வீடாக இருந்தது அது.

தலைமுடியின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகையலங்காரக் கலைஞர் ஆந்த்ரே வாக்கர் 1990களில் முடியை 1 முதல் 4 வரை வகை பிரித்தார். நேர்முடிக்கு 1, அலைமுடிக்கு 2, சுருளுக்கு 3, நெருக்கமாகச் சுருண்ட முடிக்கு 4. அதற்குள் ஏ, பி என்று உட்பிரிவுகள். அவருடைய வரிசை 4பியோடு நின்றுவிட்டது. அதைவிட இறுக்கமாகச் சுருளும் முடி கொண்ட பெண்கள், ரசாயனம் போட்டு முடியை நீட்டுவதை விட்டுவிட்டு, இருப்பதை எப்படிப் பராமரிப்பது என்று இணையத்தில் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சலூன்கள் பலவற்றில் அது கற்றுத்தரப்படவில்லை. அவர்கள்தாம் தங்களுக்காக 4சி என்ற வகையைச் சேர்த்துக்கொண்டார்கள். அட்டவணையில் தங்களுக்குக் கட்டம் இல்லை என்று கண்டவர்கள் தாங்களே ஒரு கட்டத்தை வரைந்துகொண்டார்கள். அந்த ஒரே ஓர் எழுத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. ஆனால், அந்த இயற்கை முடி இயக்கத்துக்கு உள்ளேயே பிறகு ஒரு மனத்தாங்கல் கிளம்பியது. விளம்பரங்கள் தளர்வான சுருள் கொண்டவர்களையே தேடிப் போகின்றன, வழியைப் போட்டுக்கொடுத்த 4சி முடிக்காரர்கள் ஓரத்தில் நிற்கிறார்கள் என்று. அந்தப் புகாரில் உண்மை இருக்கிறது. எத்தனையோ விளம்பரக் காட்சிகளை வெட்டி ஒட்டியிருக்கிறேன். “இயற்கைச் சுருள்” என்று எழுதி அனுப்புவார்கள், படத்தில் வருவது பெரும்பாலும் தளர்வான 3பி.

இனி தோல். கருமையான தோலுக்கு ஏற்ற ஃபவுண்டேஷன் (தோல்நிறத்தோடு பொருந்தும்படி முகம் முழுக்கப் பூசும் அடிப்படைப் பூச்சு) ஏன் இத்தனை காலம் கிடைக்கவில்லை என்பதற்குச் சந்தை ஒரு காரணம் என்றால், வேதியியலில் காட்டிய சோம்பேறித்தனம் இன்னொன்று. ஃபவுண்டேஷனின் நிறம் பெரும்பாலும் நான்கு பொடிகளின் கலவை. சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள் மூன்று. வெள்ளை டைட்டானியம் டையாக்சைடு ஒன்று. வெளிர் ஷேடுகளில் வெள்ளைப் பொடி மிகுதியாக இருக்கும். அந்த அடிப்படைக் கலவையை வைத்துக்கொண்டே கறுப்பை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் கடைசியில் கிடைப்பது சாம்பல். ஆழ்ந்த நிறத் தோலில் அதைத் தடவினால் முகத்தில் சாம்பல் பூத்தது போல் இருக்கும். வெள்ளையைக் குறைத்து, சிவப்பையும் மஞ்சளையும் தனியாக எடைபோட்டு, சில நேரம் நீலமும் சேர்த்து, அந்த ஷேடைப் புதிதாகக் கட்ட வேண்டும். அதற்கு நேரம் ஆகும், ஆய்வகத்தில் அந்தத் தோல் கொண்டவர்கள் முகம் கொடுக்க வேண்டும்.

இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் யூடியூப் படைப்பாளி நைமா டாங் முக்கியமானவர். 2017இல் ஒரு தொடரைத் தொடங்கினார். உத்தி மிக எளிது: ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் அவர்களுடைய ஆகக் கருமையான ஷேடை மட்டும் வாங்குவது, தன் முகத்தில் பூசிப் பார்ப்பது. கோபப் பேச்சு இல்லை, பிரகடனம் இல்லை. பூசிவிட்டுக் கேமராவைப் பார்ப்பார். பாதி வீடியோக்களில் அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி நிறுவனம் 40 ஃபவுண்டேஷன் ஷேடுகளோடு வந்தது. கருமையான ஷேடுகள் சில கடைகளில் உடனே தீர்ந்துபோயின. “வாங்க ஆள் இல்லை” என்று நிறுவனங்கள் சொல்லிவந்த சாக்கு அந்த மாதத்தோடு செத்தது. 2018 ஜனவரியில் டார்ட் நிறுவனம் தன் புது ஃபவுண்டேஷனைக் கொண்டுவந்து, ஷேடு வரிசை வெளிர்பக்கமே சாய்ந்திருந்ததால் எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டது. அதற்கு ஓராண்டுக்கு முன்னால் வந்திருந்தால் பெரிதாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதே 2018இல் யூடியூப் படைப்பாளி ஜாக்கி அய்னா, டூ ஃபேஸ்டு என்ற நிறுவனத்தோடு உட்கார்ந்து அவர்களுடைய ஒரு ஃபவுண்டேஷனின் ஆழ்ந்த ஷேடுகளை விரிவாக்கினார். குறை சொன்னவரையே கூப்பிட்டு மேசையில் உட்காரவைத்த அரிய நிகழ்வு அது.

இங்கேதான் உங்கள் கேள்வியின் “எல்லோரும் வந்துவிட்டார்களே” என்ற பகுதி இடறுகிறது. நாற்பது என்ற எண்ணை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். நாற்பதில் முப்பது வெளிர் நிறத்தின் நுண்ணிய வேறுபாடுகளாகவும், மிச்சம் பத்து மனித இனத்தின் பெரும்பகுதிக்கும் என்றும் இருந்தாலும் அது நாற்பதுதான். 2024இல் நடந்ததைப் பாருங்கள். யூத்ஃபோரியா என்ற நிறுவனம், ஷேடுகள் போதவில்லை என்ற குறை எழுந்த பிறகு புதிய ஷேடுகளைச் சேர்த்தது. அவற்றில் ஆகக் கருமையானது 600 என்ற எண் கொண்டது. கொலோரியா ஜார்ஜ் என்ற டிக்டாக் படைப்பாளி முகத்தின் ஒரு பாதியில் அதையும், மறுபாதியில் முகத்தில் பூசும் கறுப்புச் சாயத்தையும் தடவிக் காட்டினார். வேறுபாடு தெரியவில்லை. பொருள்பட்டியலைப் பார்த்தவர்கள் அதில் நிறமியாக இருந்தது கறுப்பு இரும்பு ஆக்சைடு மட்டுமே என்பதைச் சுட்டிக்காட்டினார்கள். சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. மனிதத் தோலில் அப்படியொரு நிறமே கிடையாது. பட்டியலில் ஒரு கட்டத்தை நிரப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதற்குத் தமிழில் கண்துடைப்பு என்று அருமையான சொல் இருக்கிறது. ஆய்வகத்தில் ஒருவர் ஐந்து நிமிடத்தில் கண்டிருக்க வேண்டிய தவறை, சொந்த முகத்தில் பூசிக் காட்ட வேண்டிய நிலைமை அந்தப் பெண்ணுக்கு வந்தது.

என் மேசையில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன், நான் செய்த பிழை அது. ஆழ்ந்த நிறம் கொண்ட ஒரு படைப்பாளிக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். கேமராவின் தானியங்கி ஒளியளவி காட்சி முழுவதையும் ஒரு நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கருமையான முகம் இருந்தால், அது சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகம் இருளில் அமிழ்ந்துபோகும். முகத்துக்காக வெளிச்சத்தைக் கூட்டினால் சுவர் வெந்து வெளுத்துவிடும். அதனால் அவர் பின்னால் பச்சைத் திரைச்சீலை போட்டிருந்தார், வட்ட விளக்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெரிய துணி விளக்கு வாங்கியிருந்தார். அத்தகைய தோலின் அழகு அதில் பட்டுத் திரும்பும் ஒளியில்தான் இருக்கிறது. சிறிய விளக்கு கண்ணாடித் துண்டு போலப் பளிச்சென்று ஒரு புள்ளியை விட்டுச் செல்லும், பெரிய விளக்கு கன்னத்து எலும்பின்மேல் மெல்லப் படரும். எடுத்துக்கொடுத்தது எல்லாம் கச்சிதமாக இருந்தது. விளம்பரம் கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒரு வரி வந்தது: முகம் இன்னும் கொஞ்சம் பிரகாசமாக இருக்கலாமே. நானும் கூட்டினேன். மிகக் கொஞ்சம், எனக்கே பெரிதாகத் தெரியாத அளவு.

வீடியோ வெளியான மூன்றாம் நாள் கருத்துகள் வரத் தொடங்கின. வீடியோவைப் பார்த்து இந்த ஷேடை வாங்கினேன், எனக்கு இரண்டு ஷேடு கருமையாக இருக்கிறது. ஒன்றல்ல, வரிசையாக. அவர் என்னை அழைத்தார். “நான் வாயால் சொல்வது ஒன்று, திரையில் தெரிவது இன்னொன்று. இனி யார் என்னை நம்பி வாங்குவார்கள், சொல்லுங்கள்?” என்று கேட்டார். யூடியூபில் போட்ட வீடியோவை அதே முகவரியில் மாற்றிவைக்க முடியாது. அதை எடுத்துவிட்டு, சரியான வண்ணத்தோடு புதிதாக ஏற்றினோம். சேர்ந்திருந்த பார்வைகள் அத்தனையும் போயின. நிறுவனத்திலிருந்து அதன் பிறகு அவருக்கு அழைப்பே வரவில்லை. அன்றிலிருந்து ஒப்பனைக்காரர்களின் வீடியோவில், நிறத்தைச் சரிபார்க்க உதவும் வண்ண அட்டை ஒன்றை முதல் நொடியில் காட்டச் சொல்லிவிடுகிறேன்.

அளவுகோல்களைப் பற்றி ஒரு சின்ன விலகல். தோல்நிறத்துக்கு உலகம் நெடுங்காலம் பயன்படுத்திவந்தது ஃபிட்ஸ்பாட்ரிக் அளவு. 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் அதை வகுத்தது, புற ஊதா ஒளிச் சிகிச்சையில் யாருக்கு எவ்வளவு ஒளி கொடுக்கலாம் என்று தெரிந்துகொள்வதற்கு. முதலில் அதில் நான்கு வகைகள்தாம், நான்கும் வெள்ளைத் தோலுக்கு. மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஐந்தும் ஆறும் பிற்பாடு ஒட்டப்பட்டன. 2015இல் கைப்பேசி எமோஜிகளுக்கு வந்த ஐந்து தோல்நிறங்களும் அந்த அளவிலிருந்து எடுக்கப்பட்டவை. 2022இல்தான் சமூகவியலாளர் எலிஸ் மாங்க் உருவாக்கிய 10 நிற அளவைக் கூகுள் வெளியிட்டது. கேமராவும் மென்பொருளும் அழகு ஃபில்டரும் இப்படிப்பட்ட அளவுகளைப் பார்த்துத்தான் சோதிக்கப்படுகின்றன. அளவுகோலில் ஒட்டுப்போட்ட இடத்தில் நிற்பவருக்குக் கருவி எப்படி வேலை செய்யும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கணினி ஆய்வாளர்கள் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களை ஆராய்ந்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 விழுக்காடு. கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை போனது.

பணத்துக்கு வருவோம், ஏனென்றால் “இருக்கிறார்கள்” என்பதற்கும் “பிழைக்கிறார்கள்” என்பதற்கும் இடையில் அதுதான் இருக்கிறது. இந்தத் தொழிலில் ஒரு வீடியோவுக்கு எவ்வளவு கேட்பது என்பதற்கு நிலையான விலைப்பட்டியல் கிடையாது. அவரவர் பேசுவதுதான் கூலி. பக்கத்து இருக்கைக்காரர் என்ன வாங்கினார் என்று தெரியாது. 2021 இறுதியில் எம்எஸ்எல் என்ற மக்கள்தொடர்பு நிறுவனம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு, வெள்ளையரல்லாத படைப்பாளிகளுக்கும் வெள்ளையருக்கும் இடையே 29 விழுக்காடு ஊதிய இடைவெளியைக் காட்டியது. கறுப்பினத்தவரை மட்டும் எடுத்தால் 35. அவர்கள் எந்த மாதத்தில் கூப்பிடப்படுகிறார்கள் என்பது இன்னொரு கதை. அமெரிக்காவில் பிப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம், ஜூன் பால்புதுமையினரின் பெருமித மாதம். எனக்கு அங்கிருந்து வரும் வேலைகளில் சிலரின் பெயர் அந்தந்த மாதத்துக்கு முன்பு வரிசையாகத் தலைகாட்டும், பிறகு அடுத்த ஆண்டுதான். கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டைக் காவலர் கொன்ற பிறகு, 2020 ஜூனில் ஆதரவுக்கு அடையாளமாகச் சமூக ஊடகத்தில் கறுப்புச் சதுரம் போட்ட நிறுவனங்களைப் பார்த்து, உங்கள் அலுவலகத்தில் கறுப்பின ஊழியர் எத்தனை பேர், எண்ணிக்கையைச் சொல்லுங்கள் என்று ஊமா பியூட்டி நிறுவனர் ஷரோன் சூட்டர் கேட்டார். அந்த ஆண்டு கிளம்பிய அத்தனை வாசகங்களிலும் எனக்குப் பிடித்தது அந்த ஒரு கேள்விதான். விளம்பரத்தில் யார் சிரிக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, காசோலையில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்த்தது அது.

ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் வருகிறேன். 2016இல் கவர்கேர்ள் என்ற ஒப்பனை நிறுவனம் முதல் முறையாக ஓர் ஆணை, ஒப்பனை வீடியோ படைப்பாளி ஜேம்ஸ் சார்லஸை, விளம்பரத் தூதராக அறிவித்தது. கதவு ஆண்களுக்குச் சட்டென்று திறந்தது, கூட்டமும் உடனே வந்தது. கருநிறப் பெண்கள் பத்தாண்டு தட்டிய கதவு அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிக்கி டி யாகரின் நிலை வேறு. நெதர்லாந்தைச் சேர்ந்த, ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பின்தொடரும் படைப்பாளி. 2020 ஜனவரியில் தான் திருநங்கை என்று தானே வீடியோ போட்டுச் சொன்னார். சொல்லவில்லை என்றால் பத்திரிகைகளுக்குச் சொல்லிவிடுவோம் என்று சிலர் மிரட்டியதால் வந்த வீடியோ அது. பிரதிநிதியாக இருப்பதற்கு அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

வகை வகையாக முகங்கள் வந்துவிட்டன என்று சொல்லும்போது அதிகம் விடுபட்டுப்போவது வறுமை. வாழ்க்கைமுறை வீடியோவில் முகத்தைவிடச் சுவர்தான் அதிகம் பேசுகிறது. 2020 மார்ச்சில் தி இன்டர்செப்ட் இதழ் வெளியிட்ட டிக்டாக்கின் உள் ஆவணங்கள் நினைவிருக்கலாம். அழகற்ற முகம், வழக்கத்துக்கு மாறான உடல்வாகு, மிகுந்த சுருக்கம் உள்ளவர்களின் வீடியோக்களைப் பரிந்துரைப் பக்கத்தில் காட்ட வேண்டாம் என்று சரிபார்ப்பவர்களுக்கு அறிவுறுத்தியிருந்தார்கள். பாழடைந்த வீடு, சுவரில் விரிசல் தெரிந்தால் அதுவும் கூடாது. கேலியிலிருந்து காப்பதற்கான பழைய விதிகள், இப்போது நடைமுறையில் இல்லை என்று டிக்டாக் நிறுவனம் விளக்கியது. இருக்கட்டும். சுவர் விரிசலை ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் பாருங்கள், அதை நான் மறக்க மாட்டேன். எழுதப்பட்ட விதி போனாலும் பழக்கம் போகவில்லை. அடுப்படி மேடையில் ஒரு பொருள்கூட இல்லாத வீடு, காலை வெயில் விழும் பெரிய சன்னல், வெள்ளைப் போர்வை. எந்த நிறத்தவர் வீடியோவை வெட்டினாலும் வீடு மட்டும் ஒன்றே. வாடகை அறையில் மூன்று பேரோடு இருப்பவர் எந்த நேரத்தில் முகம் கழுவுகிறார், எங்கே கண்ணாடி மாட்டியிருக்கிறார் என்பதை எந்த வீடியோவும் எனக்குக் காட்டியதில்லை.

மாற்றுத்திறனாளிகளைப் பொறுத்தவரை என் கருத்து முழுக்கவே “சோதனை அறிக்கை” வாதத்தோடு பொருந்திப்போகிறது. பதினேழு வயதில் பார்வை இழந்த பிரிட்டனின் லூசி எட்வர்ட்ஸ் தன் ஒப்பனையைத் தொட்டுத் தொட்டுச் செய்கிறார். உறைகளில் ஷாம்பூ எது, கண்டிஷனர் எது என்று விரலுக்குத் தெரிகிற மாதிரி ஒரு குறி வேண்டும் என்பது அவர் போன்றவர்களின் வீடியோவைப் பார்த்தால்தான் தோன்றுகிறது. குளியலறையில் கண்ணில் நுரை போன எவருக்கும் அந்தக் குறி உதவும். பருக்கள் நிறைந்த தன் முகத்தை எம் ஃபோர்டு என்ற படைப்பாளி 2015இல் வீடியோவாகக் காட்டினார், அதற்கு வந்த வசைகளையே திரையில் ஓடவிட்டார். பருவுள்ள தோலில் கன்சீலர் (கறைகளை மறைக்கும் பூச்சு) எப்படி நிற்கும் என்பதை வழவழப்பான தோல்காரர் ஆயிரம் பேர் சேர்ந்தாலும் சொல்ல முடியாது.

குறை சொல்பவர்களோடு நான் முரண்படும் இடமும் ஒன்று உண்டு. ஆழ்ந்த நிறம் கொண்டவர் என்றால் ஷேடு பற்றியும், சக்கர நாற்காலியில் இருப்பவர் என்றால் தன் உடல் பற்றியும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பார்வையாளர்கள் எதிர்பார்க்கிறார்கள். வாசனைத் திரவியத்தைப் பற்றி, திரைச்சீலையைப் பற்றி, சும்மா ஒரு சோம்பலான ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர்கள் பேசினால் பார்வைகள் சரிகின்றன. ஜாக்கி அய்னா 2020இல் ஃபார்வர் மூட் என்று வீட்டுக்கான வாசனை மெழுகுவர்த்தி நிறுவனம் தொடங்கியபோது எனக்கு அதனால்தான் மகிழ்ச்சியாக இருந்தது. மெழுகுவர்த்திக்கு ஷேடு எண் கிடையாது.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், யாரை நம்பிப் பொருள் வாங்குவது என்பதற்கு என் வழி ஒன்று இருக்கிறது. உங்களைப் போன்ற தோல் கொண்டவரைத் தேடுங்கள், பிரபலம் இரண்டாம்பட்சம். பிறகு வீடியோவில் மூன்று இடங்களைப் பாருங்கள். பூசிய பிறகு கழுத்து தெரிகிறதா? தாடைக்குக் கீழே சட்டகத்தை வெட்டிவிட்டால் நிறம் பொருந்தவில்லை என்று அர்த்தம், அந்த வெட்டை நானே பலமுறை போட்டிருக்கிறேன். விளக்கை அணைத்துவிட்டுச் சன்னல் பக்கம் ஒருமுறையாவது போகிறாரா? சன்ஸ்கிரீன் என்றால் புறங்கையில் கடுகளவு தடவிக் காட்டுகிறாரா, இல்லை முகம் முழுக்கப் பூசிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்கிறாரா? துத்தநாக ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் புறங்கையில் மறைந்துவிடும். முகத்தில் போதிய அளவு பூசினால்தான் புருவத்து ஓரத்திலும் காதோரத்து முடியிலும் வெள்ளை பூக்கும். காதோரத்தை யாரும் அவ்வளவாகத் திருத்துவதில்லை, அங்கே பாருங்கள்.